கம்பியின்றி வந்ததைக் கம்பியில் விட்ட கதை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாதக் கூட்டமென்றால் கம்பனையோ குறளையோ கேட்டு இன்புற வருகிறவர்கள் நீங்கள். அந்த மேடையில் ஒரு கம்பியையும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு கணிப்பொறியையும் பற்றிப் பேசும்படி நம் செயலாளர் என்னை நிறுத்தியிருக்கிறார். "உம்மால் நேர்ந்த குழப்பத்தை நீரே சபையில் சொல்லிவிடும்" என்பது அவருடைய கட்டளை. குற்றவாளிக்கே வாக்குமூலம் எழுதும் வாய்ப்புக் கிடைப்பது அரிது. ஆதலால் நான் மறுக்கவில்லை.

நம் வாசகசாலையை அறியாதார் இங்கு இல்லை. மண்டபத்துக்கு எதிரே, காலனிச் சாலைக்கு அப்பால், பழைய குவார்ட்டர்ஸ் ஒன்றின் முன்னறை அது. நான்கு அலமாரிப் புத்தகம், ஒரு நீள மேசை, அன்பர் ஒருவர் தம் அலுவலகத்தில் கழித்துவிட்டவற்றை வாங்கித் தந்த மூன்று மேசைக் கணிப்பொறிகள், ஓர் அச்சுப்பொறி. கணிப்பொறிகள் பழையன, ஆனால் உழைப்புக்கு அஞ்சாதவை. இணையம் மட்டும் அந்த அறைக்கு வரவில்லை. அது மண்டபத்தோடு நின்றுவிட்டது.

இதனால் என்ன முழுகிப்போயிற்று என்று கேட்கலாம். கையில் ஆளுக்கொரு தொலைபேசி இருக்கும்போது வாசகசாலைக்கு இணையம் எதற்கு என்று நம் நிர்வாகக் குழுவிலேயே ஒருவர் கேட்டார். நம் தமிழ் வகுப்பு ஆசிரியை அம்மையார் அதற்கு அளித்த பதிலை நான் மறக்கவில்லை. நாக்பூரில் பிறந்த நம் குழந்தைகளுக்கு மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பள்ளிக்கூடத்திலேயே கண்ணில் படுகின்றன. தமிழோ, வீட்டில் காதில் விழுகிறதே தவிரக் கண்ணில் படுவதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் வெளிநாட்டிலும் வெளிமாநிலங்களிலும் வாழ்வோருக்கென்று பாடங்களைத் திரட்டி வைத்திருக்கிறது. அதன் மின்னூலகத்தில் நூல்கள் குவிந்து கிடக்கின்றன. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் அன்பர்கள் பலர் கூலியின்றித் தட்டெழுதிய பழைய நூல்கள் இருக்கின்றன. "இவற்றை ஐந்து அங்குலத் திரையில் நான் இருபது குழந்தைகளுக்கு எப்படிக் காட்டுவேன்?" என்றார் அம்மையார்.

குழு இரண்டுபட்டது. வருகிறவர் குறைந்துபோன அறையைப் பந்தல் சாமான்களும் பாத்திரங்களும் வைக்கும் கிடங்காக ஆக்கிவிடலாம் என்பது ஒரு கட்சி. முடிவில் ஒரு தவணை கொடுத்தார்கள். 2025-ஆம் ஆண்டுப் பொங்கலுக்குள் அறைக்கு இணையம் வந்தால் வாசகசாலை, வராவிட்டால் கிடங்கு. தொலைத்தொடர்புத் துறையில் முப்பது ஆண்டு கம்பியோடு உழன்று ஓய்வு பெற்றவன் என்பதனால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கம்பிக்காரனுக்கு முதலில் கம்பிதான் தோன்றும். சாலையைத் தோண்டிக் குழாய் பதிக்க அனுமதி கேட்டு எழுதினோம். எழுதிய கடிதங்கள் மூன்று; வந்த பதில் ஒன்றுமில்லை. பிறகு மண்டபத்து மாடியிலிருந்து வாசகசாலைக் கூரைக்கு ஆகாய மார்க்கமாகவே ஒரு கம்பியை இழுத்துக் கட்டினேன். அது சரியாகப் பதினோரு நாள் வேலை செய்தது. 2024 செப்டம்பரில் விநாயகர் ஊர்வலம் வந்தது. இவ்வூர்ப் பிள்ளையாரின் உயரம் உங்களுக்குத் தெரியும். முன்னால் மூங்கில் கழி பிடித்து வந்த இளைஞர்கள் வழக்கப்படி கம்பிகளைத் தூக்கிவிட்டார்கள். மற்றக் கம்பிகள் தூக்கியபடி தூங்கின, என் கம்பி மட்டும் அறுந்தது. விக்கினம் தீர்ப்பவரே செய்த விக்கினத்தை யாரிடம் போய் முறையிடுவது?

எனவே வைஃபை. மண்டபத்து ரௌட்டர் விடும் அலை சாலையைத் தாண்டி வருகிறதா என்று என் தொலைபேசியைக் கையிலேந்தி அறை முழுதும் நடந்து பார்த்தேன். இந்த அலையின் வலிமையை டெசிபெல் கணக்கில் கழித்தல் குறியோடு சொல்வார்கள். எண் சிறிதாக இருந்தால் வலிமை பெரிது. மேசையருகே கழித்தல் 82. ஜன்னல் மாடத்தில் கழித்தல் 62. இருபதுதானே வித்தியாசம் என்று எண்ணிவிடக் கூடாது; இருபது டெசிபெல் என்பது ஆற்றலில் நூறு மடங்கு. இரண்டடிச் சுவர் ஒரு பாதியை விழுங்கிற்று. மறு பாதியை விழுங்கியது நம் கூலர். இரும்புத் தகட்டுப் பெட்டி, உள்ளே நிறைய நீர், நனைந்த புல்திரை. நொடிக்கு 240 கோடி முறை அதிரும் இந்த அலைக்கு உலோகமும் நீரும் இரண்டுமே பகை. நாக்பூர்க் கோடையில் நமக்கு உயிர் தருவது எதுவோ அதுவே அலைக்கு எமனாக நின்றது. கூலரை எதிர்ப்பக்கத்து ஜன்னலுக்கு மாற்றினோம்.

மாற்றியும் மேசைக்கு வந்த அலை போதவில்லை. ஜன்னல் மாடத்தில் மட்டும் நன்றாக இருந்தது. கணிப்பொறிகளை எல்லாம் ஜன்னலில் ஏற்றி வைக்க முடியாது. மூன்றுக்கும் தனித்தனியே வைஃபை ஒட்டுக் கருவி வாங்கலாமே என்றார் பொருளாளர். வாங்கலாம். ஆனால் அவை மேசையில் கிடக்கும் வலுவற்ற அலையைத்தான் குடிக்கும். அச்சுப்பொறிக்கோ கம்பித் துளையைத் தவிர வேறு வாயே இல்லை. மாடத்தில் ஒரு கருவி அமர்ந்து அலையை வாங்கி, கம்பியின் வழியே மேசைக்கு இறக்கவேண்டும். கிணற்றிலிருந்து இறைத்து வாய்க்காலில் விடுகிறோமே, அதுபோல.

அந்த வேலைக்குக் கிடைத்ததுதான் ராஸ்பெர்ரி பை. என் மகன் வேலை கிடைத்து வெளியூர் போனபோது மேசை இழுப்பறையில் விட்டுச்சென்ற பலகை அது. நீளம் 8.5 சென்டிமீட்டர், அகலம் 5.6, சீட்டுக்கட்டை விடச் சற்று மெல்லியது என்று சொன்னால் முட்டிக்கொண்டிருக்கும் துளைகள் கோபித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில், பள்ளிப் பிள்ளைகள் கணிப்பொறியைத் திறந்து பார்த்துக் கற்கவேண்டும் என்னும் நோக்கத்தோடு எபென் அப்டன் முதலியோர் ஓர் அறநிலையமாகத் தொடங்கிய முயற்சியின் பயன் இது. முதற் பலகை 2012 பிப்ரவரியில் 35 டாலர் விலைக்கு வெளிவந்தது. என்னிடம் இருப்பது 2016-இல் வந்த மூன்றாம் வகை. வைஃபையைத் தன்னுள்ளேயே கொண்டு வந்த முதற் பலகை அதுதான். கம்பித் துளையும் அதில் இருக்கிறது. ஒரு பக்கம் அலை, மறு பக்கம் கம்பி, நடுவே சிந்திக்க ஒரு மூளை. வேறென்ன வேண்டும்?

அந்தக் கம்பித் துளைக்கு ஈதர்நெட் என்று பெயர். இந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள்; செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்க்கட்டும். ஒலி பரவக் காற்று வேண்டியிருப்பது போல ஒளி பரவவும் ஓர் ஊடகம் வேண்டுமன்றோ என்று எண்ணிய பௌதிக அறிஞர்கள், ஈதர் என்றொரு பொருள் அண்டமெங்கும் நிறைந்திருப்பதாகக் கொண்டிருந்தார்கள். 1887-இல் மைக்கல்சன், மார்லி என்னும் இருவர் அமெரிக்காவில் நடத்திய பரிசோதனையில் அதன் சுவடே தென்படவில்லை. 1905-இல் ஐன்ஸ்டைன் அது தேவையே இல்லை என்று காட்டிவிட்டார். உலகம் கைவிட்ட அந்தப் பெயரை 1973-இல் ராபர்ட் மெட்காஃப் என்பவர் எடுத்து, ஜெராக்ஸ் கம்பெனியின் கலிபோர்னியா ஆராய்ச்சி நிலையத்தில் டேவிட் பாக்ஸ் என்பவரோடு தாம் அமைத்த கம்பி வலைக்குச் சூட்டினார். அவருக்கு வழிகாட்டியாக இருந்தது எது தெரியுமா? ஹவாயித் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971-இல் நடத்திக் காட்டிய ரேடியோ வலை. எல்லோரும் ஒரே வெளியில் பேசுவது. இருவர் ஒருங்கே பேசிப் பேச்சு மோதிக்கொண்டால் சற்றுப் பொறுத்து மறுபடியும் பேசுவது. இதுவே அவர்கள் கண்ட முறை. பேசுவதற்கு முன் பிறர் பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேள் என்பதை மெட்காஃப் சேர்த்தார். நம் பொதுக்குழுக் கூட்டத்துக்கும் இது பொருந்தும் என்று சொன்னால் தலைவர் என்னை உட்காரச் சொல்லிவிடுவார். கம்பியில்லாததிடம் கம்பி பாடம் கேட்டது என்பதே நான் சொல்ல வந்தது. ஆகவே நான் செய்த சேர்க்கை உறவு விட்டுப்போன இரு குடும்பங்களைக் கூட்டி வைத்ததே ஒழியப் புதிய சம்பந்தம் அன்று.

இனி அந்தச் சேர்க்கையில் இருக்கும் சிக்கலுக்கு வருகிறேன். அலையையும் கம்பியையும் நேராக ஒட்டிவிட்டால் ஆகாதா என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். ஆகாது. ஒவ்வொரு கருவிக்கும் பிறக்கும்போதே பொறிக்கப்பட்ட ஓர் அடையாள எண் உண்டு. வைஃபை ரௌட்டர் கண்டிப்பான காவற்காரன். கடவுச்சொல் சொல்லி உள்ளே வந்தவரின் அடையாள எண்ணை மட்டுமே அவன் அறிவான். பை கடவுச்சொல் சொல்லி உள்ளே போயிற்று. அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் மேசைக் கணிப்பொறி தன் சொந்த அடையாளத்தோடு ஒரு கடிதத்தை நீட்டினால், "நீ யார்? உன்னை நான் அனுமதிக்கவில்லையே" என்று காவற்காரன் அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறான். சில விசேஷ ரௌட்டர்களில் இதற்கு வேறு வழி உண்டு, நம்முடையது விசேஷமன்று.

ஆகவே பை பின்னால் இருப்பவர்களுக்காகத் தன் பெயரிலேயே எழுதிப் பதிலை வாங்கிப் பிரித்துக் கொடுக்கவேண்டும். இதை விளக்க எனக்கு வெளியூர் உவமை எதுவும் வேண்டாம். நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த புதிதில் தமிழ்ப் பிரம்மச்சாரிகள் பதினைந்து பேர் ஒரே மெஸ்ஸில் தங்கியிருந்தோம். எங்களுக்குத் தனி விலாசம் கிடையாது; எல்லோர் கடிதமும் மெஸ் விலாசத்திலிருந்துதான் போகும். மானேஜர் ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் ஓர் எண் எழுதி, அந்த எண் யாருக்கு உரியது என்று பேரேட்டில் குறித்துக்கொள்வார். அந்த எண்ணோடு பதில் வந்தால் பேரேட்டைப் பார்த்து உரியவர் தலையணையின் கீழ் வைப்பார். பை செய்வதும் இதுவே. உள்ளிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையிலும் அனுப்புவோர் விலாசத்தை அழித்துத் தன் விலாசத்தை எழுதுகிறது. மூலையில் ஓர் எண் போடுகிறது. 65,535 வரை எண்கள் உண்டு. பதில் வந்ததும் பேரேட்டைப் பார்த்து உரிய கணிப்பொறிக்குக் கொடுக்கிறது. விலாச மாற்றம் என்று இதைச் சொல்லலாம். உலகம் முழுவதற்குமாக முதலில் வகுத்த இணைய விலாசங்கள் ஏறத்தாழ 429 கோடிதான். அவை தீர்ந்துபோகும் என்று அஞ்சியே 1994-இல் இந்த உபாயத்தை எழுதி வைத்தார்கள். வீட்டுக்குள்ளே யாரும் தாராளமாகப் புழங்கிக்கொள்ளலாம் என்று சில எண் வரிசைகளை ஒதுக்கினார்கள். 192.168 என்று தொடங்குவது அவற்றுள் ஒன்று. 10 என்று தொடங்குவது மற்றொன்று. இந்த எண்களைச் சற்று நினைவில் வையுங்கள். என் மானம் போனது இவற்றால்தான்.

மெஸ் மானேஜர் இன்னும் ஒன்று செய்வார்: புதிதாக வந்தவனுக்குக் கட்டில் எண் கொடுப்பார். கணிப்பொறி ஒவ்வொன்றும் கம்பியில் மாட்டியவுடன் "எனக்கு என்ன விலாசம்?" என்று கூவும், பை அதற்கு ஒரு விலாசம் தந்து, "வெளியே போகவேண்டுமானால் என் வழியாகப் போ" என்றும் சொல்லவேண்டும். தனக்கு உரியதல்லாத கடிதத்தைத் தூக்கி எறியாமல் கடத்திவிடும்படி பைக்குக் கட்டளையும் இடவேண்டும். இல்லாவிட்டால் அது பிறர் கடிதத்தைத் தொடாத உத்தமனாக வாளாவிருக்கும்.

இவ்வளவையும் பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்துத் தனித்தனி ஏடுகளில் என் கையாலேயே எழுதினேன். நான்கு மாலை பிடித்தது. கம்பிப் பக்கத்துக்கு ஒரு விலாசம் வேண்டுமே என்று 192.168.1.1 என்று போட்டேன். எழுதுவதற்கு எளிதாக இருந்தது, காரணம் அவ்வளவுதான்.

2024 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் இணையத்தின் வழியே சிலப்பதிகாரம் பற்றிப் பேச இசைந்திருந்தார். மண்டபம் நிறைந்திருந்தது, திரையில் அவர் முகம். பின்னறையில் நான். பையைச் சோதித்துப் பார்க்கும் ஆர்வத்தில், அதன் கம்பியை மண்டபத்து ரௌட்டரின் வெறுந்துளை ஒன்றில் மாட்டினேன். சிறிது நேரத்தில் கோவலன் சிலம்போடு மதுரை வீதியில் நின்றபடி நின்றுவிட்டான். பேராசிரியர் வாய் திறந்தபடி சிலையானார். கூட்டத்தில் சலசலப்பு. இணையக் கம்பெனியை எல்லோரும் திட்டினார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன்: முன்னறைக்கு ஓடிவந்து மற்றவர்களை விட உரக்கத் திட்டியவன் நான். இருபது நிமிடம் கழித்து, இனி வேலை நடவாது என்று பையைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டேன். கழற்றிய சில நிமிடங்களில் இணையம் மீண்டது. அதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் யாரும் இல்லாத நேரத்தில் மறுபடியும் மாட்டினேன். மறுபடியும் எல்லாம் நின்றது. அப்போதுதான் ரௌட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். அதன் விலாசமும் 192.168.1.1. ஒரே தெருவில் ஒரே கதவெண்ணில் இரண்டு வீடுகள். தபாற்காரர் என்ன செய்வார்? மண்டபத்துக் கருவிகள் வாசல் என்று நம்பி என் பையின் மேல் போய் முட்டிக்கொண்டிருந்தன. கம்பெனியின் மேல் குற்றமே இல்லை. அன்று மாலையே செயலாளர் வீட்டுக்குச் சென்று ஒப்புக்கொண்டேன்.

மண்டபத்தில் மாட்டாமல் வாசகசாலையிலேயே வைத்திருந்தால் தப்பியிருக்குமா என்றால், அதுவும் இல்லை. அலைப் பக்கத்திலும் கம்பிப் பக்கத்திலும் ஒரே எண் வரிசை இருந்தால், வரும் கடிதத்தை எந்தப் பக்கம் அனுப்புவது என்று பைக்கே தெரியாது. இரு பக்கமும் வெவ்வேறு வரிசையாக இருந்தே தீரவேண்டும்.

எண்ணை மாற்றி நான் மறுபடியும் ஏடுகளோடு போராடிக்கொண்டிருந்தபோது, தமிழ் வகுப்புக்கு வரும் 11-ஆம் வகுப்புப் பெண் ஒருத்தி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "மாமா, இதெல்லாம் இப்போ யாரும் கையால எழுதறதில்லையே" என்றாள். பையின் இயங்குதளத்தை 2023 அக்டோபரில் வந்த பதிப்புக்கு மாற்றினோம். அதிலிருந்து நெட்வொர்க் மேனேஜர் என்னும் காரியஸ்தர் தானாகவே அமர்ந்திருக்கிறார். வைஃபையில் மண்டபத்தின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தாள். கம்பி இணைப்பின் அமைப்பைத் திறந்து, விலாசம் பெறும் முறை என்ற இடத்தில் "பிறரோடு பகிர்ந்துகொள்" என்பதைத் தேர்ந்தெடுத்தாள். அவ்வளவுதான். விலாச மாற்றம், கட்டில் எண், கடிதம் கடத்தல் எல்லாவற்றையும் காரியஸ்தரே பார்த்துக்கொண்டார். கம்பிப் பக்கத்துக்கு அவர் தாமாகத் தேர்ந்துகொண்ட விலாசம் 10.42.0.1, மண்டபத்து வரிசையோடு மோதவே மோதாது. என் நான்கு மாலைகளை அந்தப் பெண் ஐந்து நிமிடத்தில் முடித்தாள். எனக்குச் சற்று வருத்தந்தான். ஆனால் என் நான்கு மாலைகள் இல்லாவிட்டால் அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று இன்று உங்களுக்குச் சொல்ல முடிந்திராது.

பையின் கம்பியை எட்டுத் துளை ஸ்விட்ச் ஒன்றில் மாட்டி, அதிலிருந்து மூன்று கணிப்பொறிக்கும் அச்சுப்பொறிக்கும் கிளைகள் இழுத்தோம். 2025 ஜனவரி முதல் வாரத்தில் இணையம் வந்தது. பொங்கலுக்கு ஒரு வாரம் மீதி. வேகம் நொடிக்கு முப்பது மெகாபிட்டை ஒட்டி நிற்கிறது. இந்த மூன்றாம் வகைப் பலகையின் கம்பித் துளைக்கே 100-தான் உச்சம். 2019-இல் வந்த நான்காம் வகை இதைவிட மிக வேகமானது. மூன்று கணிப்பொறிக்கும் பாடம் படிக்கவும் படம் பார்க்கவும் நம்முடையதே போதும்.

சில நடைமுறைகளையும் சொல்லவேண்டும். முதலில் ஏதோ ஒரு தொலைபேசிச் சார்ஜரை மாட்டியிருந்தோம். மின்னோட்டம் போதாமல் பை அடிக்கடி மயங்கி விழுந்தது. அது 5 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் கேட்கும், அதற்குரியதையே வாங்கினோம். அதன் நினைவெல்லாம் விரல் நகம் அளவுள்ள ஓர் அட்டையில் இருக்கிறது. சுவிட்சைத் திடீரென்று அணைத்தால் அட்டை கெடக்கூடும். முதலில் அணைக்கும் கட்டளை கொடுத்துவிட்டுப் பிறகு மின்சாரத்தை நிறுத்துங்கள். கெட்டாலும் கவலை வேண்டாம், பிரதி எடுத்த மற்றோர் அட்டை அலமாரியில் இருக்கிறது. மேசை மேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம்; கணிப்பொறியில் அமர்வோர் பெயரும் நேரமும் எழுதவேண்டும். எழுதச் சிலர் கூச்சப்படுகிறார்கள். மூன்று பேர் செய்வதும் வெளியுலகுக்கு ஒரே விலாசத்திலிருந்து வந்ததாகவே தோன்றும் என்று சொன்னேன் அல்லவா? விலாசம் சங்கத்தினுடையது, கேள்வி வந்தால் பதில் சொல்லவேண்டியவர் செயலாளர்.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தமிழ் வகுப்பு அங்கேதான் நடக்கிறது. கிடங்குக் கட்சித் தலைவர் சென்ற மாதம் தம் பேத்தியை அழைத்து வந்து, அவள் படிக்கும் வரை தாமும் ஒரு கணிப்பொறியில் பழைய பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நோட்டுப் புத்தகத்தில் முதல் ஆளாகக் கையெழுத்திட்டவரும் அவரே.

ஒரே ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். கோடை நெருங்குகிறது, எதிர் ஜன்னலில் வைத்த கூலரிலிருந்து காற்று மேசைக்கு வரவில்லை, பழைய இடத்துக்கே மாற்றவேண்டும் என்று இரண்டு பேர் செயலாளரிடம் சொல்லியிருப்பதாக அறிகிறேன். மேசையை வேண்டுமானால் திருப்பிப் போட்டுத் தருகிறேன், கம்பி பத்து மீட்டர் மிச்சம் இருக்கிறது. கூலரை மட்டும் அந்த ஜன்னலுக்குக் கொண்டுவராதீர்கள்.